பாருல் பேசாத பாஷை

பாருலை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. துபாயில், சத்வாவில் ஒரே சுற்றுச்சுவருக்குள் எதிரும் புதிருமாக இரண்டு வீடு. தண்ணீர்த் தொட்டி பொது, துணி காயப்போடும் கம்பி பொது, நடுவில் கிடந்த மணலும் பொது. அப்படி இருக்கையில் எதிர்வீட்டுக்குக் குடிவந்தவள் ஒரு வார்த்தை பேச வேண்டாமா? நான்தான் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக் குடித்தாள். டம்ளரைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை.

“வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கா?” என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“அந்தப் பொண்ணு பெங்காலிடி. தமிழ் தெரியாது” என்றார் பாஸ்கர்.

தமிழ் தெரியாவிட்டால் சிரிக்கவும் தெரியாதா என்ன? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது எழுபத்தாறாம் வருஷம். நான் வசந்தகுமாரி, மதுரைக்காரி. பாஸ்கருக்குத் தேராவில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் கணக்கு வேலை. காலையில் டாக்சி பிடித்துத் துறைக்குப் போய், அப்ரா என்கிற படகில் ஏறி அக்கரைக்குப் போனாரென்றால் பொழுது சாய்ந்துதான் வருவார். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. ஏன் இல்லை என்று கேட்டவர்கள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாள் முழுக்க நானும் அந்த ஏசிப் பெட்டியின் உறுமலும்தான். எதிர்வீட்டில் ஒரு பெண் வந்தாளே, பேச்சுத் துணைக்கு ஆயிற்று என்று நான் ஆசைப்பட்டதில் தப்பு உண்டா, சொல்லுங்கள்.

அவள் புருஷன் ராக்கப்பன், சிவகங்கைப் பக்கம். ராணுவத்தில் லாரி ஓட்டியவர், இங்கே தண்ணீர் டேங்கர் ஓட்டினார். சும்மா சொல்லக் கூடாது, தங்கமான மனுஷன். எங்கள் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த தெருவுக்கே போவார். வெள்ளிக்கிழமை லீவுக்கு பாஸ்கருடன் மணலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் பேச்சும் சிரிப்பும் நிற்காது. அவருடைய கல்யாணக் கதையை நான் அப்படித்தான் கேட்டேன், சமையலறை ஜன்னல் வழியாக.

“பங்களாதேஷ் சண்டை முடிஞ்ச கையோட சார், குல்னாப் பக்கம் ஒரு சணல் மில்லுக்கு லாரியக் கொண்டாந்து போடச் சொன்னாங்க. சரக்கு ஏத்தப் போறாகன்னு நெனச்சேன். கதவத் தொறந்தா பூராம் பொம்பளைங்க. அடைச்சு வச்சிருக்கானுக சார், பாகிஸ்தான் பட்டாளத்துப் படுபாவிப் பயலுக. ஒருத்தியாவது அழுகணுமே? ம்ஹூம். ஏறுன்னா ஏறுறாங்க, எறங்குன்னா எறங்குறாங்க. அதுல ஒருத்திதான் இவ.”

அந்தப் பெண்களை எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு முகாமில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். பிறகு அரிசி மூட்டை கொண்டுபோகும்போதெல்லாம் பார்ப்பாராம். பாருல் முள்வேலி ஓரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பாள். அப்பாவும் அண்ணன்மாரும் சண்டையில் போய்விட்டார்கள். சித்தப்பா ஒருத்தர் தேடிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று அவளை ஒரு தடவை பார்த்தார், பேசாமல் திரும்பிப் போய்விட்டார். அதை ராக்கப்பன் லாரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

“எனக்கு மனசு கேக்கல சார். நேரா போயி ‘ஷாதி கரோ’ன்னு சொல்லிட்டேன். தலைய ஆட்டிட்டா. காளி கோயில்ல வச்சு முடிச்சோம், சுபேதார்தான் சாட்சி. எனக்கு ஹிந்தி மட்டும் தெரியாமப் போயிருந்தா இந்தக் கல்யாணமே நடந்திருக்காது.”

அந்த ஹிந்தியில் அவருக்கு அவ்வளவு பெருமை. பட்டாளத்தில் சேர்ந்து கற்றுக்கொண்டது. எனக்கு அதில் ஓர் எழுத்து வராது. வரவும் விட்டதில்லை. அறுபத்தைந்தில் மதுரையில் கல்லூரிப் பெண்களாக நாங்கள் ஊர்வலம் போய் ஹிந்திப் பலகைகளில் தார் பூசியவர்கள். துபாய்க்கு வந்த பிறகு, ‘பாய், ஜல்தி’ என்று இரண்டு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு காய்கறிக் கடையில் காலத்தை ஓட்டினேன். அதையும் பாஸ்கர் கேலி செய்வார்.

கல்யாணம் முடிந்து ராக்கப்பன் அவளை ஊருக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். வீட்டார் வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். என்ன சாதி, எவன் எவனோடு இருந்தவள், இவளையா இந்த வீட்டுக்குள் ஏற்றுவது என்று ஒரே கூச்சல். அவர் தங்கை சரசு மட்டும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வெளியே வைத்துக் கொடுத்தாளாம். பிறந்த மண்ணிலும் இடமில்லை, புகுந்த ஊரிலும் இடமில்லை. பட்டாளத்தைவிட்டு வந்து, துபாய் விசா கிடைத்ததும், பெண்டாட்டியையும் கையிலிருந்த பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். அந்த இருவரும் புருஷன் பெண்டாட்டியாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த உலகத்தில் அந்தச் சத்வா வீடு ஒன்றுதான் இருந்தது.

அவள் என்னோடு ஒட்டிக்கொண்டது அரிவாள்மணையால்தான். மதுரையிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அரிவாள்மணையைப் போட்டு ஒரு நாள் நான் மீன் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றவள், நகரு என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு, அதில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து மீனைச் செதில் போகச் சீவி நறுக்கிவிட்டாள். அவர்கள் ஊரிலும் இதே அரிவாள்மணைதானாம். அதற்குப் பிறகு ராக்கப்பன் டூட்டிக்குக் கிளம்பினதும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள். நான் பேசுவேன், அவள் நறுக்குவாள். நான் வாயாடி. மாமியாரைத் திட்டுவது, பாஸ்கரைத் திட்டுவது, வெங்காய விலையைத் திட்டுவது எல்லாம் அவளிடம்தான். ஒரு வருஷத்துக்குள் தமிழ் முழுக்கப் புரிந்துகொண்டாள். எப்போதாவது “அக்கா, உப்பு” என்பாள். அதுவே எனக்குப் பெரிய சங்கதி.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ராக்கப்பன் எங்களிடம் தமிழில் பேசும்போது கேலியும் கிண்டலுமாக இருப்பார். வீட்டுக்குள் நுழைந்து ஹிந்திக்கு மாறியதும் ஆள் வேறு. “பானி லாவ்! கானா லாவ்! ஜல்தி!” என்று சுவர் அதிரும். கோபத்தில் கத்துகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“ஏண்ணே, அந்தப் பொண்ண இப்படி வெரட்டுறீங்க?”

“வெரட்டுறேனா? தண்ணிதானம்மா கேட்டேன்!” என்று முழித்தார்.

அப்புறம் புரிந்தது. பாவம், அவர் கற்ற ஹிந்தி மைதானத்தில் கற்றது. நில், நட, தூக்கு, கொண்டு வா, சீக்கிரம். ஹவில்தார் எப்படிச் சொன்னாரோ அப்படியேதான் அவருக்கு வரும். மெதுவாகப் பேச வேண்டிய பேச்சு எதுவும் அந்த பாஷையில் அவருக்குத் தெரியாது.

குழந்தைக்குத் துர்க்கா என்று பெயர். நல்ல துருதுருவென்ற கண். ஆனால் வாய் பேசாது. மூன்று வயசிலும் இல்லை, நாலு வயசிலும் இல்லை. பேச்சுதான் இல்லையென்றால் அழுகையாவது வர வேண்டுமே, விழுந்து முட்டி பெயர்ந்தாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கும். தேராவில் டாக்டர் பிரபாவதியிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். காது நன்றாகக் கேட்கிறது, தொண்டையில் குறை ஒன்றும் இல்லை என்றார். “வீட்ல இவகிட்ட யார் பேசுறீங்க?” என்று கேட்டார். நான் பாருலைப் பார்த்தேன். பாருல் தரையைப் பார்த்தாள்.

எழுபத்தெட்டில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனார்கள். பேசாத பிள்ளையை எங்களால் வைத்துக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே ராக்கப்பன் முடிவெடுத்துவிட்டார்.

“லீவுல போறப்பத் துர்க்காவத் தூக்கிட்டுப் போயி சரசுகிட்ட விட்ரப்போறேம்மா, புள்ளைய மட்டும்னா வீட்ல ஏத்துக்குவாக. அங்க தெருவெல்லாம் புள்ளைங்க. நாலு பேரு பேசுறதக் கேட்டா தானாப் பேச்சு வந்துரும். இங்க இருந்தா ஊமையாவே போயிரும்.”

“பாருலையும் கூட்டிட்டுப் போங்களேன்” என்றேன்.

“அவள எங்கம்மா கூட்டிட்டுப் போறது?” என்றார்.

அப்படியானால் குழந்தை ஓரிடம், தாய் ஓரிடம். எத்தனை வருஷத்துக்கு என்று யாருக்கும் தெரியாது. பேச்சு வந்தால் இங்கே இருக்கலாம், வராவிட்டால் போக வேண்டும். அதை அவர் ஹிந்தியில் பாருலிடம் சொன்னபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் எழுந்து போய்க் கம்பியில் கிடந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். துணி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அவள்மேல் வந்த கோபம் இருக்கிறதே! பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறேன் என்கிறான், இவள் ஈரத் துணியை மடிக்கிறாள். கல்லா, மண்ணா என்று இருந்தது.

அந்த வாரத்தில்தான் கேஸ் சிலிண்டர்க்காரன் வந்தான். வழக்கமாக வருகிறவன் இல்லை, புது ஆள், பாகிஸ்தான் பட்டாணி. வாட்டசாட்டமாக இருந்தான். சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலே பாருல் வீட்டுக் கதவைத் தட்டி, “தர்வாஜா கோலோ! ஜல்தி கோலோ!” என்று சத்தம் போட்டான். வெயிலில் சுமந்துகொண்டு வந்தவன், சத்தம் போடாமல் என்ன செய்வான்? கதவு திறக்கவில்லை. அவன் மறுபடியும் தட்டினான். நான் ஓடிப் போய் என் வீட்டிலேயே இறக்கச் சொல்லி அவனை அனுப்பிவிட்டு, பின்பக்கக் கதவு வழியாக உள்ளே போனேன். நன்றாக நாலு கேட்க வேண்டும் என்றுதான் போனேன்.

பாருல் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துர்க்கா. பாருலின் உள்ளங்கை குழந்தையின் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தது. குழந்தை திமிறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, பழகிய காரியம்போல் அசையாமல் இருந்தது.

கிட்டே போய்க் குனிந்தேன்.

“போயிட்டாங்களா அக்கா?” என்று கேட்டாள்.

“யாருடி? சிலிண்டர்க்காரன். ஒருத்தன்தான். போயிட்டான்.”

கையை எடுத்தாள். குழந்தையின் கன்னத்தில் விரல் பதிந்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது. நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“அங்க மில்லுலயும் இப்படித்தான் கூப்பிடுவாங்க” என்றாள். “இதே பேச்சு. கதவு தொற. வெளிய வா. சீக்கிரம் வா.” விலாசம் சொல்கிறவள்போல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். “ஒரு அம்மாகிட்ட கைப்புள்ள இருந்துச்சு. அழுதுச்சு. அப்புறம் அழல.”

மேற்கொண்டு நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள். அப்படியே, அதே குரலில் சொல்லியிருப்பாள்.

சத்வாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த பாஷைதான், உருதுவோ ஹிந்தியோ, காதுக்கு இரண்டும் ஒன்றுதான். தையல்காரர்கள் அதில்தான் அளவு கேட்பார்கள், டாக்சிக்காரர்கள் அதில்தான் சண்டை போடுவார்கள், ரொட்டிக் கடையில், மீன் வண்டியில், பக்கத்துக் கட்டடத்து சைட்டில், எல்லாம் அதுதான். அவர்கள் யாரும் இவளுக்கு ஒரு கெடுதலும் செய்தவர்கள் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள், எங்களைப்போலத்தான். ஆனால் சந்தில் ஒரு குரல் கேட்டால் இவள் கை தானாகப் போய்க் குழந்தையின் வாயை மூடியிருக்கிறது. நாள் முழுக்க மூடியிருக்கிறது, வருஷக்கணக்காக மூடியிருக்கிறது. அந்தப் பிள்ளை ஊமையில்லை. அம்மா சொல்லிக்கொடுத்ததைச் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

“அப்ப ராக்கப்பண்ணன் உன்ன ஹிந்தியில கூப்பிடுறப்போ?” என்றேன்.

“அவரு நல்லவரு அக்கா.”

“நான் அதக் கேக்கலடி.”

துர்க்காவின் கன்னத்தைத் தடவினாள். “மொதல்ல சத்தம் மட்டும் கேக்கும். அப்புறம் திரும்பி மொகத்தப் பாப்பேன். பாத்தா இவரு.”

தினமும் அப்படியா என்று கேட்டேன். தினமும்தான் என்றாள். என் வீட்டு வாசலில் அவள் ஏன் வந்து உட்கார்ந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சந்திலேயே அந்த பாஷை பேசாத வீடு என் வீடு ஒன்றுதான்.

எனக்கு எதையும் அடக்கி வைக்கத் தெரியாது. ராக்கப்பன் டூட்டி முடிந்து வந்து டேங்கரை நிறுத்தியதும் போய்ப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நடுநடுவே திட்டவும் செய்தேன். “கூடவே குடும்பம் நடத்துறீங்க, இதுகூடத் தெரியாதா?” என்று கேட்டேன். அவர் லாரிப் படிக்கட்டில் உட்கார்ந்தார். தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

“யாரும் சொல்லலியேம்மா” என்றார். “அவளுக்குப் புரியணும்னுதான சத்தமாப் பேசுனேன்.”

அன்றோடு அவர் வீட்டுக்குள் ஹிந்தி பேசுவதை விட்டுவிட்டார். நல்லது நடந்துவிட்டது என்று நான் நினைத்தேன். எங்கே நடந்தது? ஹிந்தியை விட்டவர் பேச்சையே விட்டுவிட்டார். வருவார், தட்டு முன்னால் உட்காருவார், சாப்பிடுவார், எழுந்து போவார். வீடு இன்னும் அமுங்கிப்போயிற்று.

“தமிழ்ல பேசுங்களேன். அவளுக்கு நல்லாப் புரியும், நான் ரெண்டு வருஷமா பேசிப் பேசிப் பழக்கி வச்சிருக்கேன்” என்றேன்.

“எப்படிம்மா திடீர்னு பேசுறது?” என்று நெளிந்தார். “எனக்குக் கூச்சமா இருக்கு.”

கேட்டீர்களா கதையை? பெண்டாட்டியோடு தமிழில் பேச அந்த மனுஷனுக்குக் கூச்சமாம்! இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் தன் பாஷையில் அவளை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை, இனி என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, “தண்ணி ரொம்பிருச்சா?” என்பார். அது அவளைக் கேட்பதாம். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பாஸ்கர், “உன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்” என்றார். அவருக்கு அன்று ராத்திரி சாப்பாட்டில் ரசம் கிடைக்கவில்லை.

ஆனால் துர்க்காவை அனுப்புகிற விஷயத்தில் ராக்கப்பன் அசையவில்லை. முன்னைவிட உறுதியாகிவிட்டார். “பயந்துக்கிட்டே கெடக்குற வீட்ல புள்ள எப்படிம்மா பேசும்? அதுவாவது தப்பிக்கட்டும்” என்றார். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பம்பாய் விமானத்துக்கு டிக்கெட் வாங்கியாயிற்று. குழந்தைக்குப் புது கவுன், ஷூ எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து காட்டினார். பாருல் ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கோத்து வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றாள். முக்காடு போட்டிருந்தாள், செருப்பு போட்டிருந்தாள். அவள் செருப்பு போட்டு நான் பார்த்ததே அபூர்வம்.

“அக்கா, ரொட்டிக் கடைக்கு வர்றீங்களா என்கூட?”

“எதுக்குடி? சோறு இருக்கே.”

“துர்க்கா வாய மூடுனது நான். நான் அங்க போயி பயப்படாம நிக்கணும். அவ பாக்கணும். பாத்தாத்தான் பேசுவா.”

அவ்வளவு நீளமாக அவள் ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் பதில் சொல்லாமல் செருப்பைத் தேடினேன்.

சந்து முனையில் தந்தூர் ரொட்டிக் கடை. தரையில் பதித்த பெரிய மண் அடுப்பு, அதன்முன் உட்கார்ந்து கான் என்கிற பட்டாணி ரொட்டி தட்டுவார். தாடியெல்லாம் மாவு. எதிரே சைட்டிலிருந்து திரும்பிய ஆட்கள் வரிசை, ஒரே இரைச்சல், சிரிப்பு, கெட்ட வார்த்தை. நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள் போய் நின்றதும் கொஞ்சம் விலகி வழிவிட்டார்கள். பாருல் வழி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வரிசைக் கடைசியில் போய் நின்றாள். ஒரு கையால் துர்க்காவைப் பிடித்திருந்தாள். மறு கையால் என் முழங்கையைப் பிடித்திருந்தாள், நகம் சதையில் இறங்கியது. வலி பொறுக்காமல் நான் மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே நின்றேன். அவள் முகத்தைப் பார்த்தால் பஸ்ஸுக்கு நிற்கிறவள் முகம்.

கான் குழந்தையைப் பார்த்து, “க்யா நாம் ஹை பேட்டி?” என்று பெயர் கேட்டார். குழந்தை பேசவில்லை. ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தோம்.

அதற்குப் பிறகு தினமும் போனோம். கையெல்லாம் எனக்குக் கன்றிப்போயிற்று. வீட்டில் ரொட்டி மீந்து மீந்து, பாஸ்கர், “என்னடி, பட்டாணிக்கு வாக்கப்பட்டுட்டமா?” என்று கேட்டார். கான் தினமும் குழந்தையிடம் ஏதாவது சொல்லுவார். வரிசையில் நிற்கிறவர்களும் சொல்லுவார்கள். அவரவருக்கு ஊரில் அந்த வயசில் ஒன்று இருந்திருக்கும். துர்க்கா ஒவ்வொரு வாயையும் உற்று உற்றுப் பார்க்கும். பிறகு அம்மாவைப் பார்க்கும். ஒரு சத்தம் வராது. நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இருந்தாலும் அவள் கூப்பிட்டால் போனேன். வேறென்ன செய்ய?

விமானத்துக்கு முந்தின நாளும் போனோம். ராக்கப்பன் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அன்று வரிசை நீளம், கான் அவசரத்தில் இருந்தார். எங்கள் முறை வந்ததும் அடுப்புக்குள் கம்பியைவிட்டு ரொட்டியை எடுத்துக் காகிதத்துக்காகக் கை நீட்டினார். காகிதம் தீர்ந்துபோயிருந்தது. அவர் தேடித் திரும்புவதற்குள் பாருல் இரண்டு வெறும் கையையும் நீட்டிக் கம்பியிலிருந்து ரொட்டியை வாங்கிக்கொண்டாள்.

“ஏய், ஏய்! கரம் ஹை!” என்று கான் கத்தினார்.

அவள் போடவில்லை. ஆவி பறக்கப் பறக்க உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. நான்தான் முந்தானையால் தட்டிவிட்டேன். ரொட்டி மண்ணில் விழுந்தது.

“கூறு கெட்டவளே! உனக்கென்ன கையா கட்டையா?” என்று நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். உள்ளங்கை இரண்டும் செக்கச் செவேல் என்று ஆகியிருந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

துர்க்கா அம்மாவின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து கேட்டது.

“தர்த் ஹை?”

வலிக்கிறதா என்று கேட்டது. தூங்கி எழுந்தவர்களுக்கு இருக்குமே, அப்படிக் கரகரவென்று ஒரு குரல். ஹிந்தி தெரியாத எனக்கே அது விளங்கிவிட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். பேச்சு வந்துவிட்டது என்று கும்பிடுவதா, போயும் போயும் இந்த பாஷையிலா வர வேண்டும் என்று அழுவதா? என் தமிழையும் அது கேட்டதுதான், ஆனாலும் பிறந்ததிலிருந்து காதில் அறைந்ததெல்லாம் அந்த பாஷைதானே. அப்பன் கத்தியது, சந்தில் கத்தியது, கதவுக்கு வெளியே கத்தியது. பொத்தின வாயோடு அத்தனையையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

பாருல் குழந்தையையே பார்த்தாள். அந்த பாஷையில் அவளுக்குக் கட்டளை இட்டிருக்கிறார்கள், கூப்பிட்டிருக்கிறார்கள், விரட்டியிருக்கிறார்கள். உனக்கு வலிக்கிறதா என்று ஒருத்தர் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டவளுக்கு ஐந்து வயசு.

“பஹுத்” என்றாள்.

ரொம்ப என்று அர்த்தம். அந்த பாஷையில் அவள் வாயைத் திறந்து நான் கேட்ட முதல் சொல் அது. கண்ணில் தண்ணீர் இல்லை. குழந்தை இரண்டு உள்ளங்கையிலும் உஃப் உஃப் என்று ஊதியது. கான் ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினார். அவருக்கு இது பேச்சே வராத குழந்தை என்று தெரியாது, கூச்சப்படுகிறது என்றுதான் நினைத்திருப்பார். தண்ணீரைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்கு ரொட்டி எடுக்கத் திரும்பிவிட்டார்.

வழியெல்லாம் நான்தான் அழுதுகொண்டு வந்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, சந்துக்காரர்கள் எல்லாம் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வேகமாக நடந்தாள்.

ராக்கப்பன் பெட்டியைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, கடைசி முடிச்சைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார். பாருல் வாசலில் நின்றாள். நான் தமிழில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

“துர்க்கா நஹி ஜாயேகா” என்றாள் அவரிடம். சத்தமாக, மைதானத்தில் சொல்வதுபோல் சொன்னாள். “கஹி நஹி ஜாயேகா.”

துர்க்கா எங்கேயும் போகாது. கயிற்றைப் பிடித்தபடி அவர் நிமிர்ந்தார். அவள் கேட்டு வாங்கவில்லை, உத்தரவு போட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. குழந்தை அப்பாவின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நஹி ஜாயேகா” என்றது.

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கே ஆச்சரியம்தான். பிறகு அவளைப் பார்த்தார். சிவந்த உள்ளங்கையைப் பார்த்தார். ஹிந்தியில் ஏதோ ஆரம்பித்தார், நிறுத்திக்கொண்டார்.

“கையில என்ன புள்ள?” என்று கேட்டார், தமிழில்.

“சுட்டுருச்சு” என்றாள் பாருல்.

“சரி. போகல” என்றார். எழுந்து போய் மருந்து எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு அந்த முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தார். அது அவரே இறுக்கியது, லேசில் அவிழ்வதாக இல்லை.